மரியநாயகத்தின் எட்டுக் குதிரைகள்

முனாப் மரம் அறுக்கும் வாளோடு வந்த அன்று நிருஷா குதிரையின்மேல் ஏறி உட்கார்ந்தாள். யார் சொல்லியும் இறங்கவில்லை.

மரக் குதிரைதான். பழைய குதிரை ராட்டினம் ஒன்றைச் சேர்ந்தது. இன்னும் ஏழு குதிரைகள் உமிக் குவியலுக்கு அந்தப் பக்கம் ஒன்றின்மேல் ஒன்றாகச் சரிந்து கிடந்தன.

கொக்கட்டிச்சோலையில் மூடிக் கிடந்த அந்த நெல் ஆலையை நிருஷாவும் அவள் கணவன் ஜெயரூபனும் வாங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கல்யாணங்களுக்கு மணவறை போடுவது அவர்கள் தொழில். விருந்தாளிகள் உட்காரும் கதிரைகளும் பந்தல் கம்பிகளும் பிளாஸ்டிக் பூக்களும் வீட்டை நிறைத்து, கடைசியில் குளியலறைக்குப் போகவே இரண்டு யானைத் தலைகளை நகர்த்த வேண்டியிருந்தது. சாமான் வைக்க ஓர் இடம் வேண்டுமென்றுதான் ஆலையை வாங்கினார்கள். விற்றவர், "உள்ள கிடக்கிற பழசெல்லாம் உங்களுக்குத்தான்" என்று சொல்லித் திறப்பைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். மூலையில் கிடந்த கிழிந்த தார்ப்பாய்ப் படங்கை இழுத்தபோது குதிரைகள் வெளிப்பட்டன.

ஜெயரூபனுக்கு அவற்றைப் பார்த்ததும் சந்தோசத்தில் கைகால் ஓடவில்லை. ஆரையம்பதியில் கஜானி என்ற பெண்ணின் கல்யாணத்துக்கு அவன்தான் மணவறை. "மேடையின்ட ரெண்டு பக்கமும் ரெண்டு வெள்ளைக் குதிரை நிற்கும்" என்று அன்று மாலையே அவர்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டான். குதிரைகளின் முதுகில் இறங்கியிருந்த இரும்புக் கம்பியை எடுத்து, வயிற்றுப் பக்கம் தட்டையாக அறுத்து, பலகையில் பூட்டினால் வேலை முடிந்தது. அதற்காகத்தான் ஓட்டமாவடியில் கதிரை, மேசை செய்யும் தளபாடக் கடை வைத்திருக்கும் முனாப்பை வரச்சொல்லியிருந்தான்.

"இறங்கு நிருஷா. முனாப் நானா வேலையை விட்டுட்டு வந்திரிக்கார்" என்றான் ஜெயரூபன்.

"வந்தவர் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகட்டும்."

முனாப் வாளைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சிரித்தார். "எனக்கென்ன தம்பி, வெட்டச் சொன்னா வெட்டுவன். ஆனா மேல ஆள் இரிக்கக்குள்ள வெட்டிப் பழக்கமில்ல."

"நீ என்னதான் செய்யப்போற இதை வைச்சு?" என்று ஜெயரூபன் மனைவியைக் கேட்டான்.

"சுத்தப்போறன்."

"என்ன?"

"இது சுத்துறதுக்குச் செஞ்ச சாமான். நாம எத்தனை மணவறை போட்டிரிப்பம்? அடுத்த நாள் விடியக்குள்ள ஒண்டாவது நிண்டிரிக்கா? பூவைப் புடுங்கி, துணியை மடிச்சு, லொறியில ஏத்திப்போட்டு வாறம். எனக்கு அலுத்துப்போச்சு. இது எவ்வளவு காலமாக் கிடக்கோ தெரியா. ஆனா கிடக்கு. இதை வெட்ட விடமாட்டன்."

அவள் இவ்வளவு நீளமாகப் பேசி ஜெயரூபன் கேட்டது குறைவு. முனாப் தேநீரைக் குடித்துவிட்டு, வந்ததற்கு ஒரு குதிரையின் பல்லைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நிருஷா குதிரையில் இருந்தபடியே ஒரு படம் எடுத்து, "இந்த ராட்டினம் யாருடையது என்று யாருக்காவது தெரியுமா?" என்று முகநூலில் போட்டாள்.

அந்தக் கிழமையே பதில் வந்தது. காரில் வந்தது.

எல் போர்ட் மாட்டிய சிறிய வெள்ளைக் கார் ஒன்று ஆலை வளவுக்குள் விக்கி விக்கி நுழைந்தது. ஓட்டிய பெண்ணின் முகம் வியர்வையில் நனைந்திருந்தது. பக்கத்து இருக்கையிலிருந்து ஒரு குரல் கேட்டது. "ஸ்டியரிங்கை இடப்பக்கம் கிறுக்கு. இன்னும் கிறுக்கு. நிப்பாட்டு. ஹேண்ட் பிறேக்கை இழு, கம்சாயினி. இழுத்தியா? இப்ப மூச்சை விடு."

கதவைத் திறந்து இறங்கியவள் அஞ்சலா. கட்டையாக வெட்டிய நரைமுடி, கறுப்புக் கண்ணாடி, காலில் சப்பாத்து. புளியந்தீவில் சாரதிப் பயிற்சி நிலையம் நடத்துகிறவள். மட்டக்களப்புப் பெண்களில் பாதிப் பேருக்கு அவள்தான் கார் ஓட்டப் பழக்கினாள் என்று சொல்வார்கள். அன்றைய மாணவியை மண்முனைப் பாலத்தில் ஓட்டப் பழக்கும் சாக்கில், அப்படியே இங்கே வந்துவிட்டாள்.

யாரிடமும் எதுவும் கேட்காமல் உள்ளே போனாள். குதிரைகளைச் சுற்றி நடந்தாள். ஒன்றின் கழுத்தை விரல் முட்டியால் தட்டினாள்.

"விறகுக்குக் குடுத்திருப்பாங்க எண்டு நினைச்சன்" என்றாள். பிறகு, "குடுத்திருக்கலாம்" என்றாள்.

ஜெயரூபன் குதிரைகளுக்கு முன்னால் வந்து நின்றான். "அன்ரி, இது உங்கடயா?"

"எங்கட அப்பாட. பயப்பிடாத மகன், கொண்டுபோக வரல்ல. கொண்டுபோய் எங்க வைக்கிற? உண்மையிலேயே கிடக்கா எண்டு பார்க்கத்தான் வந்த நான்."

நிருஷா கதிரை எடுத்துப் போட்டாள். அஞ்சலா உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள்.

அவளுடைய அப்பா மரியநாயகம் லொறி திருத்துகிறவர். இளந்தாரியாக இருந்தபோது உதிரிப்பாகம் வாங்கக் கொழும்புக்குப் போனவர், அங்கே ஒரு களியாட்ட விழாவில் குதிரை ராட்டினத்தைக் கண்டார். அதில் ஏறவில்லை. எப்படிச் சுற்றுகிறது என்று குனிந்து அடிப்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், காவலாளி வந்து துரத்தும்வரை. ஊருக்குத் திரும்பியவர் பழைய லொறி ஒன்றின் சக்கரம் சுழலும் சில்லுக் கழுத்தை எடுத்து நடுத்தூணில் பூட்டி, அதிலிருந்து எட்டுக் கைகள் நீட்டினார். குதிரை செதுக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் கோயில் தேர் வேலை செய்யும் ஓர் ஆசாரியைப் பிடித்தார். ஆசாரிக்கு வெளிநாட்டுக் குதிரையெல்லாம் தெரியாது. சாமியைத் தூக்கும் குதிரை வாகனம்தான் தெரியும். அதனால்தான் இந்தக் குதிரைகளுக்குக் கண் பிதுங்கி, நாக்கு நீண்டு, மார்பு நிறைய மணிமாலை. மாதா கோயில் திருநாளுக்கும் அம்மன் கோயில் சடங்குக்கும் ஒரே குதிரைகள்தான் போயின. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ராட்டினம் முதலில் போன எட்டு ஊர்களின் பெயரையும் குதிரைக்கு ஒன்றாக வைத்தார் மரியநாயகம். வாகரை, ஏறாவூர், கல்குடா என்று எட்டுப் பெயர். பிள்ளைகள் "நான் வாகரையிலதான் ஏறுவன்" என்று சண்டை பிடிப்பார்கள்.

"மோட்டர் இல்லையா?" என்று நிருஷா கேட்டாள்.

"இரிந்திச்சே. ரெண்டு மோட்டர். நானும் எங்கட அண்ணன் பிறின்சும்."

குதிரைகளின் வட்டத்துக்கு உள்ளே, தூணின் இரண்டு பக்கமும் நீண்ட ஒரு தள்ளுகட்டை. அண்ணனும் தங்கையும் குனிந்து அதைத் தள்ளிக்கொண்டு சுற்றிச் சுற்றி நடப்பார்கள்.

"ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் மேல. நாங்க உள்ள. தலையைக் குனிஞ்சா தெரியிறது கால் மட்டும்தான். சனத்தைக் காலை வைச்சுத்தான் எனக்குத் தெரியும்." அஞ்சலா சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "ஒரு நாள்கூட அப்பா என்னைப் பார்த்து 'நீ ஏறு' எண்டு சொல்லல்ல. நான் கேட்டு அழுதிரிக்கன். 'நீ தள்ளு மகள்' எண்டுதான் சொல்லுவார். எழுபத்தெட்டில சூறாவளி வந்து இது இஞ்ச மாட்டிக்கொண்டு நிண்ட நேரம், ஊரே அழுதிச்சு. நான் மட்டும் உள்ளுக்குள்ள சந்தோசப்பட்டன்."

அந்த வருடம் ராட்டினம் கொக்கட்டிச்சோலைத் திருவிழாவுக்கு வந்து, கழற்றி ஆலையில் வைக்கப்பட்டிருந்தது. காற்று கூரையைத் தூக்கிக்கொண்டு போனது. குதிரைகள் கனத்தில் தப்பின. பிறகு மரியநாயகம் நோயில் விழுந்தார். அதற்குப் பிறகு நாடு யுத்தத்துக்குள் போன போக்கில், வாவியைக் கடந்து வந்து மரக்குதிரை தேடும் எண்ணம் யாருக்கு வரும்?

"சரி, நான் வாறன்" என்று அஞ்சலா காருக்குப் போனாள். கதவைத் திறந்தவள் திரும்பினாள். "அந்த எட்டுக் கையையும் எந்த ஒழுங்கில பூட்டுறது எண்டு உங்களுக்குத் தெரியாது. பிழையாப் பூட்டினா ஒரு பக்கம் சரியும். ஞாயிற்றுக்கிழமை வாறன். காட்டிப்போட்டுப் போயிருவன்."

காட்டிப்போட்டுப் போகவில்லை. அடுத்த ஞாயிறும் வந்தாள். அதற்கடுத்த ஞாயிறு மதியச் சாப்பாட்டையும் கட்டிக்கொண்டு வந்தாள்.

முனாப்பும் திரும்பி வந்தார், இந்த முறை வாள் இல்லாமல். நிருஷாவின் படத்துக்குக் கீழே ஓட்டமாவடிக்காரர்கள் சின்ன வயதில் இதில் ஏறிய கதைகளை எழுதியிருந்ததைப் பார்த்து அவருக்கு ஆசை வந்துவிட்டது. இரண்டு குதிரைகளின் கால்களைக் கறையான் தின்றிருந்தது. வேப்ப மரத்தில் புதுக் கால் செய்து பூட்டினார். வாலுக்கு மீன் வலைக் கயிற்றைப் பிரித்துச் சாயம் போட்டார்கள். இரும்பெல்லாம் மண்ணெண்ணெயில் ஊறியது.

நிறத்தில்தான் சண்டை வந்தது. ஜெயரூபன் வெள்ளையும் பொன்னிறமும் வாங்கி வைத்திருந்தான். முனாப் ஒரு குதிரையின் கழுத்தைச் சுரண்டினார். மேலே சாம்பல், அதற்குக் கீழே நீலம், அதற்கும் கீழே கிளிப்பச்சை. பச்சையின்மேல் சிவப்புப் புள்ளிகள், மாங்காய்க் கொடி.

"வாகரை" என்றாள் அஞ்சலா. "வாகரை பச்சை. ஏறாவூர் சிவப்பு. நான் மறந்துபோனன்."

"பச்சைக் குதிரைக்கு முன்னால எந்தக் கல்யாணப் பொம்பிளை நிண்டு படம் எடுப்பா அன்ரி?"

"என்ட மகள் எடுப்பாள்" என்றார் முனாப். "அவளுக்கு இந்த நிறத்தில உடுப்பு இரிக்கு."

நிருஷா பச்சைச் சாயத்தைக் குழைக்கத் தொடங்கியிருந்தாள்.

தோற்றுப்போன ஜெயரூபன், இயந்திர விஷயத்திலாவது தன் பேச்சு நிற்க வேண்டும் என்று முடிவு செய்தான். "இந்தக் காலத்தில ஆர் தள்ளுறது?" என்று ஒரு பழைய லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் எஞ்சினைக் கொண்டுவந்து நடுத்தூணுக்குப் பட்டி போட்டான். நான்கு குதிரைகள் பூட்டியாகிவிட்ட ஒரு பின்னேரம், தானே ஏறாவூர்மேல் ஏறி, கையில் போனைப் பிடித்து வீடியோவைத் தொடங்கிவிட்டு, "நானா, போடுங்க!" என்றான்.

முனாப் போட்டார்.

வயல் உழும் எஞ்சினுக்கு மெதுவாகச் சுற்றத் தெரியாது. முதல் சுற்றில் ஜெயரூபன் கையசைத்தான். இரண்டாவது சுற்றில் கை குதிரையின் கழுத்துக்குப் போனது. பிறகு அவன் முகம் தெரியவில்லை. சிவப்பாக ஒன்று வந்து வந்து போனது.

"நிப்பாட்டுங்க! நானா! நிப்பாட்டுங்க!"

முனாப் எஞ்சினைச் சுற்றி ஓடினார். எங்கே நிறுத்துவதென்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

"குதிக்காத மகன்! கழுத்தைக் கட்டிப்பிடி!" என்று அஞ்சலா கத்தினாள். "பின்னுக்குப் பார்க்காத! நேராப் பார்!"

நிருஷா பாய்ந்து போய் டீசல் குழாயை மூடினாள். எஞ்சின் இருமி அடங்குவதற்குள் ஏறாவூரின் கம்பி கழன்றது. ஜெயரூபனும் குதிரையும் சேர்ந்து பறந்து, மூலையில் குவித்திருந்த மணவறைத் துணிகளுக்குள் போய் விழுந்தார்கள்.

நிருஷா துணியை வாரி வாரி எறிந்தாள். உள்ளிருந்து அவன் குரல் வந்தது. "கால் போச்சு... கால் போச்சு, நிருஷா."

"ஐயோ, ஆட்டாத! எந்தக் கால்?"

"என்ட இல்ல. இதுட."

அவன் எழுந்து உட்கார்ந்தான். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. கையில் ஒரு சிவப்பு முன்னங்கால் இருந்தது. அதைப் பார்த்த அவன் கண் கலங்கிவிட்டது. கொஞ்ச நாளுக்கு முன் இதே குதிரையின் வயிற்றை அறுக்க ஆள் பிடித்தவன் அவன்தான். அதை யாரும் அப்போது நினைவூட்டவில்லை.

உடைந்த காலை ஜெயரூபனே ஒட்டினான். முனாப் பசையைக் கொடுத்து எப்படி இறுக்குவதென்று சொன்னார், அவ்வளவுதான். வேறு யாரையும் அவன் கிட்டே விடவில்லை. காய்ந்ததும் மணிமாலைக்குப் புள்ளி வைத்ததும் அவன்தான். அடுத்த நாள் ஆரையம்பதிக்குப் போய், வெள்ளைக் குதிரை கிடைக்காது என்று கஜானியிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டான். அவள் போனில் பச்சைக் குதிரையின் படத்தைப் பார்த்துவிட்டு, "இது வெள்ளையை விட வடிவாரிக்கே. நாங்க அங்க வந்து படம் எடுக்கலாமா?" என்றாள்.

எஞ்சின் விற்றவனிடமே திரும்பிப் போனது. எட்டுக் குதிரைகளும் பூட்டி, மேலே படங்குக் குடையும் விரித்தபின், அஞ்சலா சப்பாத்தைக் கழற்றிவிட்டு வட்டத்துக்குள் புகுந்தாள். ஜெயரூபனை எதிர்ப் பக்கம் நிறுத்தினாள்.

"கையால தள்ளாத. குனிஞ்சு கட்டையை நெஞ்சில குடுத்து நட. முதல் சுத்துக்குத்தான் பலம் வேணும். மறுகா அது உன்னை இழுத்துக்கொண்டு போகும்."

லொறிச் சில்லின் கழுத்து முனகியது, பிறகு வழுக்கியது. நிருஷாவும் முனாப்பும் மேலே இருந்தார்கள். குதிரைகள் அவசரமில்லாமல் நகர்ந்தன. ஆலையின் உடைந்த சன்னல் வழியாக வயல் தெரிந்தது, சுவர் தெரிந்தது, மறுபடி வயல் தெரிந்தது. நிருஷாவுக்கு எதற்கென்று தெரியாமல் சிரிப்பு வந்தது. முனாப் இரண்டு கையையும் விட்டுவிட்டு, "தங்கச்சி, இதுக்கு முன்னால நான் செஞ்ச கதிரையெல்லாம் வெறும் கதிரை!" என்று கத்தினார்.

நின்றதும் நிருஷா இறங்கி வந்து அஞ்சலாவின் கையைப் பிடித்தாள். "இப்ப நீங்க ஏறுங்க."

"வேணாம் புள்ள."

"வாகரையில ஏறுங்க."

அஞ்சலா வாகரையின் கழுத்தைத் தடவினாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி நிருஷாவிடம் கொடுத்தாள். பிறகு வாகரையின் மார்பு மாலையில் கால் வைத்து, மோட்டார் சைக்கிளில் ஏறுவதுபோல் ஏறினாள். நிருஷாவும் ஜெயரூபனும் தள்ளினார்கள். இவ்வளவு காலம் காத்திருந்தவளுக்கு நல்ல சுற்றாகக் கொடுக்க வேண்டும் என்று ஜெயரூபன் கொஞ்சம் வேகமாகவே நடந்தான்.

மூன்றாம் சுற்றில் மேலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"நிப்பாட்டு."

அவர்கள் மகிழ்ச்சிக் கூச்சல் என்று நினைத்தார்கள்.

"பிறேக்கைப் போடு! நிப்பாட்டு!"

இறக்கியபோது அஞ்சலாவின் முகம் வாகரையின் நிறத்துக்கு வந்திருந்தது. தூணைப் பிடித்துக்கொண்டு வளவின் ஓரத்துக்குப் போய், காலையில் சாப்பிட்டதையெல்லாம் வேலியோரம் விட்டுவிட்டு வந்தாள். நிருஷா தண்ணீர் கொடுத்தாள். "மலை ரோட்டில நுவரெலியா வரைக்கும் கார் ஓட்டியிரிக்கன்" என்று அஞ்சலா திரும்பத் திரும்பச் சொன்னாள். "ஒண்டும் செய்யல்ல. இதுல ஏறி, மூண்டே மூண்டு சுத்து."

கொஞ்சம் தெளிந்ததும் நோர்வேயில் இருக்கும் அண்ணனுக்கு வீடியோ அழைப்பு எடுத்தாள். கம்பளித் தொப்பியோடு பிறின்சின் முகம் வந்தது.

"என்ன, மூஞ்சி ஒரு மாதிரி இரிக்கு?"

"அப்பாட ராட்டினத்தில ஏறினன்."

பிறின்ஸ் தொப்பி நழுவும்படி சிரித்தார். "ஆர் உன்னைத் திரும்பவும் ஏத்தினது? மறுகாவுமா?"

"மறுகாவுமா எண்டா?"

"உனக்கு நாலு வயசிரிக்கும். அப்பா வேற ஆளைத் தள்ளச் சொல்லிப்போட்டு உன்னை மடியில வைச்சுக்கொண்டு ஏறினார். அவர் போட்டிரிந்தது கல்யாணச் சேட்டு, வெள்ளை. அது முழுக்கச் சத்தி எடுத்தாய். ரெண்டு மூண்டு நாள் எழும்பல்ல. இனி இவளை இதுல ஏத்தினா ராட்டினத்தைக் கொளுத்துவன் எண்டு அம்மா சொன்னா. உனக்கு ஞாபகமில்லையா?"

"பொய் சொல்லாத."

"அதுக்குப் பிறகும் ஏறவேணும் எண்டு கத்துவாய். உள்ள நிண்டு தள்ளினா இவளுக்குத் தலை சுத்தாது, ராட்டினத்தோட நிண்ட மாதிரியும் இரிக்கும் எண்டு அப்பாதான் அந்தக் கட்டையை உன்ட உயரத்துக்கு இறக்கி அடிச்சார். முதல்ல அவர் தனியத்தானே தள்ளின."

அஞ்சலா தள்ளுகட்டையைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ ஏன் ஏறல்ல?" என்று மெல்லக் கேட்டாள். "உனக்குத் தலை சுத்தாதே."

"நான் மேல ஏறினா நீ சும்மா இரிப்பியா? ஊரைக் கூட்டியிருப்பாய்."

அஞ்சலா "பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிட்டாள். ஆலை வாசலில் உட்கார்ந்து வெகுநேரம் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிருஷா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எவ்வளவு காலம் அந்த மனிசனோட கோவமா இருந்தன் தெரியுமா புள்ள?" என்றாள் அஞ்சலா கடைசியில். "செத்த வீட்டில கூட." முகத்தைத் துடைத்தாள். பிறகு, "அந்தச் சேட்டுக்கு அம்மா என்ன ஏச்சு ஏசியிருப்பா" என்று சொல்லிச் சிரிக்கத் தொடங்கினாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்ததில் விக்கல் எடுத்தது.

சித்திரைப் புத்தாண்டுக்கு ராட்டினத்தை ஆலை வளவில் ஊருக்குத் திறந்துவிட்டார்கள். முனாப் ஓட்டமாவடியிலிருந்து ஒரு வேன் நிறையத் தன் குடும்பத்தைக் கொண்டுவந்து இறக்கினார். பச்சை உடுப்பில் வந்த அவர் மகள் பர்ஸானா வாகரையைவிட்டு இறங்கவே இல்லை. கஜானி கல்யாணச் சேலையோடு வந்து ஏறாவூரில் உட்கார்ந்து எடுத்த படத்தால் ஜெயரூபனுக்கு மணவறை வேலைகளும் கூடின. கல்யாணம் இல்லாத ஞாயிறுகளில் ராட்டினம் சுற்றியது. அஞ்சலா உள்ளே நின்று தள்ளினாள். தன்னிடம் கார் பழகுகிறவர்களையும் சில நேரம் கூட்டிவந்து கட்டையைப் பிடிக்க வைத்தாள். "வேகத்தைக் காலால படிக்க வேணும்" என்பது அவள் சொன்ன காரணம். முதல் நாள் காரை ஓட்டிவந்த கம்சாயினி நம்பவில்லை. ஆனாலும் தள்ளினாள்.

ஆவணியில் பிறின்ஸ் விடுமுறைக்கு வந்தார். தலை முழுக்க நரைத்து, முழங்கால் வலியோடு, கையில் ஒரு பெரிய சொக்கலேட் பையோடு ஆலைக்குள் நுழைந்தவர், குதிரைகளைக் கண்டதும் பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். பழைய பழக்கத்தில் உள்ளே புகுந்து தள்ளுகட்டையைப் பிடிக்கப் போனார்.

"எங்க போற?" என்றாள் அஞ்சலா. "மேல ஏறு."

"எனக்கெதுக்கு? அறுபது தாண்டிட்டு."

"ஏறு எண்டா ஏறு. நான் கத்தமாட்டன்."

ஜெயரூபன் ஒரு கதிரை கொண்டுவந்து போட்டான். பிறின்ஸ் எட்டுக் குதிரைகளையும் ஒருமுறை பார்த்து, கல்குடாவைத் தேர்ந்தெடுத்தார். அவருக்கு எப்போதும் அதில்தான் ஆசை என்று சொன்னார். தங்கைக்கு அது தெரியாது. அவள் குனிந்து கட்டையை நெஞ்சில் கொடுத்து நடந்தாள். எதிர்ப் பக்கம் நிருஷா நடந்தாள்.

முதல் சுற்றில் மேலே இரண்டு கையும் கம்பியை இறுகப் பிடித்திருந்தன. பிறகு பிறின்ஸ், பிள்ளைகள் கத்துவதுபோல், "அஞ்சலா, இன்னும் வேகமா!" என்றார்.

"நீ இறங்கினாப் பிறகு உன்ட முழங்காலை ஆர் பார்க்கிற?" என்று அவள் உள்ளிருந்து கத்தினாள். கத்திக்கொண்டே வேகத்தைக் கூட்டினாள்.